அதே நாய்தான் வேண்டுமா?

செத்துப்போன நாயின் உடலை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஈரத்துண்டில் சுற்றிச் சாதாரண ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். உறையவிட்டால் பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். குளிர்ச்சியாக மட்டும் வைத்திருந்தால் கிட்டத்தட்ட ஐந்து நாள் வரைக்கும் தோலில் உயிருள்ள செல் கிடைக்க வாய்ப்பு உண்டு. செல்லப்பிராணிகளை குளோன் செய்து, அதாவது அவற்றின் செல்லிலிருந்தே அதே மாதிரி இன்னொன்றைப் பிறக்கவைத்து, தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் இதுவும் ஒன்று. கண் வீங்க அழுதுகொண்டிருக்கும் ஒருவர் ஃப்ரிட்ஜின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் நாயைப் படுக்க வைக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. எங்கள் நாய் பூச்சி செத்த அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஃப்ரிட்ஜைக் காலி செய்திருப்பேன் என்றுதான் தோன்றியது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், நண்பர் ஒருவரின் நாய்க்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் இரண்டும் தள்ளாடுகின்றன, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அவர் வசதியானவர், குளோனிங் பற்றி எங்கேயோ பார்த்திருக்கிறார். "காசு ஒரு பிரச்சினையே இல்லைன்னு வைங்க, நீங்களா இருந்தா பூச்சிக்குச் செஞ்சிருப்பீங்களா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் வாய் வரைக்கும் வந்தது "ஆமாம்". அதற்கப்புறம் உட்கார்ந்து நிறையப் படித்தேன். இப்போது என் பதில் "மாட்டேன்". வழக்கமாகச் சொல்வார்களே, இயற்கைக்கு விரோதம், கடவுள் வேலையில் கைவைப்பது என்றெல்லாம், அந்தக் காரணங்களுக்காக இல்லை. நாய் என்ற பிராணியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் இயற்கையில் கைவைத்து வந்ததுதான். மாவு உருண்டை மாதிரி இருக்கும் பக் நாயை வளர்த்துக்கொண்டே இயற்கை பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை.

முறை என்று பார்த்தால், 1996இல் டாலி என்ற செம்மறியைப் பிறக்க வைத்த அதே முறைதான். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து ஒரு செல்லை எடுத்து, உட்கரு (மரபணுக்கள் இருக்கும் பகுதி) நீக்கிய இன்னோர் ஆட்டின் கருமுட்டையோடு மின்சாரம் பாய்ச்சி இணைத்து, அது கருவாக வளர ஆரம்பித்ததும் மூன்றாவது ஓர் ஆட்டின் கருப்பையில் வைத்தார்கள். 277 முட்டைகளில் முயன்றதில் பிறந்து நிமிர்ந்து நின்றது ஒரே ஒரு டாலி.

நாய் விஷயத்தில் இது இன்னும் கஷ்டம். மற்ற பல பிராணிகளில் கருமுட்டை முதிர்ந்த பிறகுதான் வெளியே வரும். நாய்க்கு முதிராமலே வெளியே வந்து, கருக்குழாயில் இரண்டு மூன்று நாள் கிடந்து முதிரும். பருவத்துக்கு வருவதும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். அதனால் சரியான நாளைப் பார்த்து, ஒரு பெண் நாயை மயக்கி, வயிற்றைத் திறந்து, அந்தக் குழாயைக் கழுவித்தான் முட்டைகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஜான் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் மிஸ்ஸி என்கிற நாயை குளோன் செய்ய 1998இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு 23 லட்சம் டாலர் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கப் போன கதையாக, 2001 டிசம்பரில் அங்கே பிறந்தது ஒரு பூனைக்குட்டி. மிஸ்ஸி 2002இல் இறந்துபோனது. அதன் குளோன் பிறக்க மேலும் ஐந்தாண்டு ஆயிற்று.

உலகத்தின் முதல் குளோன் நாய் ஸ்னப்பி, 2005 ஏப்ரலில், சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில், ஹ்வாங் வூ சுக் என்பவரின் குழுவில் பிறந்தது. (இவர்தான் குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாகப் பொய்க் கணக்கு காட்டி மாட்டிக்கொண்டவர். விசாரணையில் எல்லாம் அடிபட்டுப்போக, ஸ்னப்பி மட்டும் நிஜம் என்று தெரியவந்தது.) அந்த ஒரு நாய்க்காக 1,095 கருக்களை 123 நாய்களுக்குள் வைத்தார்கள். மூன்று சினையானது, இரண்டு பிறந்தது, அதில் ஒன்று மூன்று வாரத்தில் நிமோனியாவில் செத்தது. இந்த 123 நாய்களிடம் அப்புறம் திரும்பி வருகிறேன்.

அன்றைய கணக்கை இன்று சொல்வது நியாயமில்லை என்பீர்கள். சரிதான், முறை தேறியிருக்கிறது. ஸ்னப்பியின் செல்லிலிருந்தே மறுபடி குளோன் செய்ததாக 2017இல் வெளியிட்டார்கள். 94 கருக்கள், 7 நாய்கள், நான்கு குட்டிகள், அதில் ஒன்று சீக்கிரமே இறந்தது. இன்று அமெரிக்காவில் நாய்க்கு 50,000 டாலர் வாங்குகிறார்கள். பணம் கட்டினால் குட்டி கிடைக்கும் என்ற நிலைமை வந்துவிட்டது. ஆகவே முடியுமா முடியாதா என்பது இனி கேள்வியில்லை. கிடைப்பது என்ன என்பதுதான் கேள்வி.

முதலில் தோற்றம். அதாவது இதுதான் நிச்சயம் என்று எல்லோரும் நினைப்பது. மேலே சொன்ன பூனைக்குட்டிக்கு சிசி என்று பெயர், காப்பிகேட் என்பதன் சுருக்கம். அதன் மூலப் பூனை ரெயின்போ வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம். பிறந்த சிசியிடம் ஆரஞ்சு ஒரு பொட்டுகூட இல்லை. காரணம் அழகானது: பூனையில் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ், ஆனால் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எந்த செல் எதை அணைக்கும் என்பது அதன் போக்கு. ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒரு செல்லில் ஆரஞ்சுப் பக்கம் அணைந்திருந்தது. குளோனிலும் அது அணைந்தே இருந்துவிட்டது. வெள்ளைத் திட்டுகளும் இப்படித்தான். நிறம் தரும் செல்கள் கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவிப் போகின்றன, போய்ச் சேராத இடம் வெள்ளையாக நிற்கிறது. அந்தப் பயணம் இரண்டு முறை ஒரே மாதிரி நடப்பதில்லை. சீனாவில் 2019இல் சினோஜீன் நிறுவனம் பிறக்கவைத்த கார்லிக் என்ற பூனைக்கு, பழைய கார்லிக்கின் தாடையில் இருந்த கறுப்புத் திட்டு இல்லை. 2,50,000 யுவான் கொடுத்த உரிமையாளருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. பூச்சியின் வலது முன்காலில் ஒரே ஒரு வெள்ளை விரல் உண்டு, அது இல்லாத பூச்சியை என்னாலும் பூச்சி என்று சொல்ல முடியாது.

(சிசி பதினெட்டு வயது வரை நன்றாக வாழ்ந்து, குட்டி போட்டு, 2020இல்தான் செத்தது. குளோன் என்றாலே சீக்காளி, சீக்கிரம் கிழடாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நான் இங்கே ஆயுதமாக எடுக்கப் போவதில்லை. பிறந்து தேறிய குளோன்கள் பெரும்பாலும் மற்ற பிராணிகளைப் போலத்தான் வாழ்கின்றன. பிறக்காமல் போனவை, பிறந்த சூட்டில் போனவை, அது வேறு கணக்கு.)

குணத்துக்கு வருவோம். டெக்சஸில் சான்ஸ் என்று ஒரு பிரம்மன் காளை இருந்தது. குழந்தைகளை முதுகில் ஏற்றிப் புகைப்படம் எடுக்கலாம், அவ்வளவு சாது. அதன் செல்லிலிருந்து 1999இல் இன்னொரு காளை பிறந்தது, செகண்ட் சான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பழைய காளை படுக்கும் அதே இடத்தில் போய்ப் படுத்தது, தின்னும்போது அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டது என்று உரிமையாளர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நம்பாமல் என்ன செய்வார்? நான்கு வயதில் அது அவரைத் தூக்கி எறிந்தது. பிறகு இன்னொரு முறையும் முட்டி, கொம்பால் குத்திக் கிழித்தது. அப்போதும் அவர் அந்தக் காளையின் மேல் பழி போடவில்லை. எனக்கு இந்தக் கதையில் பயமாக இருப்பது கொம்பு இல்லை, கண் மூடித் தின்ற அந்தச் சாயல்தான். பாதி ஒத்துப்போனதும் மீதியும் ஒத்துப்போகும் என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். முழுக்கத் தெரியாத ஒரு காளையிடம் யாரும் அவ்வளவு பக்கத்தில் போய் நிற்கமாட்டார்கள்.

மரபணுவுக்குக் குணத்தில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு இருக்கிறது, அது நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், நாய்களுக்கு இடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. குளோன் என்பது ஓர் இனத்தைவிட நெருக்கமான சொந்தம், பிந்திப் பிறந்த இரட்டைப்பிள்ளை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரட்டைப்பிள்ளைகளை வளர்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒருத்தியைப் பறிகொடுத்தால் மற்றவளை வைத்துச் சரிக்கட்ட முடியுமா என்று.

பூச்சிக்குத் துடைப்பம் என்றால் பயம். வீடு பெருக்க யாராவது துடைப்பத்தைக் கையில் எடுத்தால் போதும், வாலைக் கவட்டைக்குள் செருகிக்கொண்டு, வயிறு தரையில் உரச மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்வாள். எங்களிடம் வருவதற்கு முன்னால் யார் கையிலோ அடிபட்டிருக்கிறாள். இடது விலாவில் முடி முளைக்காத ஒரு தழும்பு இருந்தது. பெருக்குவதற்கு முன் துடைப்பத்தைத் தரையில் படுக்கப் போட்டு, அவள் மோந்து பார்க்கும்வரை காத்திருந்து, அப்புறம் பெருக்குவேன். மாதக்கணக்கில் இப்படிப் போயிற்று. ஒருநாள் மேசைக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. பிறகு முன்கால் இரண்டும். கடைசியில், துடைப்பத்தை எடுத்தவுடன் அவளே வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள், உடம்பின் மொத்த எடையையும் போட்டு. பயம் போனதால் இல்லை, அப்போதும் தொடை நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். மேசைக்கு அடியில் ஓடுவதற்குப் பதிலாக என்னிடம் ஓடி வந்தாள், அவ்வளவுதான். ஒரு காலை நகர்த்த முடியாமல், எட்டுகிற தூரத்தை மட்டும் பெருக்கிவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

பூச்சி என்றால் எனக்கு அந்த எடைதான். அதைத் தோலிலிருந்து சுரண்டி எடுக்க முடியுமா?

குளோன் குட்டிக்குத் துடைப்பத்தைப் பார்த்தால் பயமே இருக்காது. துரத்தித் துரத்திக் கடிக்கும், ஈர்க்கு ஈர்க்காகப் பிய்த்துப் போடும். அந்தக் குட்டிக்கு அது நல்லது, எனக்கும் சந்தோஷம். ஆனால் அது என் பாதத்தில் வந்து உட்கார ஒரு காரணமும் இல்லை. அதே பூச்சிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தால், யாராவது அந்தக் குட்டியை முதலில் துடைப்பத்தால் விலாவில் தழும்பு விழும் அளவுக்கு அடித்துத் தர வேண்டும். அடிபட்ட இடத்திலிருந்துதான் அவளுடைய நம்பிக்கை முளைத்தது. ஆளைத் திரும்பக் கேட்கிறவன் அந்த அடியையும் சேர்த்துத்தான் கேட்கிறான். இதை யோசித்த ராத்திரிதான் என் "ஆமாம்" கலைந்தது.

இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக ஒரு குட்டி வீட்டுக்கு வந்தால் அது என்ன செய்தாலும் நமக்குப் புதுசு. செருப்பைக் கடித்தால் "ஓ, இவன் செருப்புக் கேஸா" என்று தெரிந்துகொள்கிறோம். குளோன் குட்டி செருப்பைக் கடித்தால் "அவள் கடிக்கமாட்டாளே" என்று மனது சொல்லும். கடிக்காவிட்டாலும், "பார், அவளை மாதிரியே" என்று சொல்லும். இரண்டுமே அந்தக் குட்டியைப் பற்றிய பேச்சு இல்லை. பிறந்த நாள் முதல் சாகிற நாள் வரைக்கும் தனக்குத் தெரியாத ஒரு பரீட்சையை அது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், மதிப்பெண் போடுகிறவரோ அது உயிருக்கு உயிராய் நேசிக்கும் ஆள். நாய் மனிதரின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரப் பிராணி. நம் முகத்தில் அரை நொடி வந்துபோகும் ஏமாற்றத்தை அது பார்க்காது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

செய்தவர்கள் எல்லாம் முட்டாள்கள் இல்லை. பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 2017இல் இறந்த தன் நாய் சமாந்தாவின் செல்லிலிருந்து இரண்டு குட்டிகளைப் பெற்றார். உருவத்தை குளோன் செய்யலாம், ஆன்மாவை முடியாது என்ற கருத்தை அவரே எழுதினார். அர்ஜென்டினாவின் அதிபர் ஹாவியர் மிலேய் தன் கோனனின் குளோன்களுக்கு முர்ரே, மில்டன், ராபர்ட், லூக்காஸ் என்று பொருளாதார அறிஞர்களின் பெயர்களை வைத்தார். முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி, தன் ஜூனி என்ற நாய் இறந்துபோன லுவாவின் குளோன் என்று 2025இல் சொன்னார். கவனித்தீர்களா, இந்த மூவரும் வேறு பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் இடத்தில் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு அசைந்துகொடுக்கத் தோன்றும் வாதம் ஒன்று உண்டு. கருத்தடை செய்த நாய், அதற்கு வாரிசே இல்லை, அதன் வழியில் ஒன்று இருந்தால் போதும், அதே நாயாக இருக்க வேண்டாம் என்று சிலர் கேட்கிறார்கள். இதில் பொய் இல்லை. சாவை மறுக்கிற ஆசையும் இல்லை. பூச்சிக்கும் நாங்கள் கருத்தடை செய்திருந்தோம். அவளுக்கு ஒரு பேத்தி இருந்திருந்தால் நான் ஓடிப்போய்த் தூக்கி வந்திருப்பேன். இந்த வாதத்துக்கு எதிராக என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுதான் அந்த 123 நாய்கள்.

அவற்றுக்குப் பெயர் உண்டா என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இருக்காது. ஸ்னப்பிக்குப் பெயர் உண்டு, அதன் மூலமான டாய்க்குப் பெயர் உண்டு. வயிற்றைத் திறந்து முட்டை எடுக்கப்பட்ட நாய்க்கும், வயிற்றில் வைத்துச் சுமந்த நாய்க்கும் கட்டுரையில் இருப்பது எண்ணிக்கை மட்டும். இன்று எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஆனால் முட்டை தர ஒரு நாயும் சுமக்க ஒரு நாயும் இல்லாமல் குளோன் குட்டி பிறக்க வழியே இல்லை. ஒட்டாமல் போன சினை, கலைந்த சினை எல்லாம் ஏதோ ஒரு நாயின் உடம்பில்தான் நடக்கிறது. இரண்டு மாதம் சுமந்து, ஈன்று, நக்கி, பால் கொடுத்துத் தேற்றிய குட்டியைப் பால்குடி மறந்ததும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாயின் கண்ணும் பூச்சியின் கண் மாதிரிதான் இருக்கும், எல்லா நாய்க்கும் அப்படித்தானே. என் ஒரு நாயின் மேல் இருக்கும் பாசத்துக்காகப் பேர் தெரியாத நான்கு நாய்களைப் படுக்கவைத்துக் கிழிக்கச் சொல்வது பாசத்தில் எந்த வகை என்று எனக்குப் புரியவில்லை.

இதே வேலைக்கு அர்த்தம் இருக்கும் இடமும் உண்டு என்பதால் சொல்கிறேன். வட அமெரிக்காவின் கறுங்கால் ஃபெர்ரெட், கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி, அழிவின் விளிம்பில் இருப்பது. இன்று உயிரோடிருக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஏழு பிராணிகளின் வழித்தோன்றல். அந்த ஏழில் சேராத வில்லா என்ற ஒன்று 1988இல் இறந்தபோது, அதன் செல்களை யாரோ தொலைநோக்கோடு உறையவைத்தார்கள். 2020 டிசம்பரில் அதிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அதே வில்லாவின் இன்னொரு குளோனான அன்டோனியா 2024இல் குட்டியே போட்டுவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் தொலைந்திருந்த மரபணு வளம் இனத்துக்குத் திரும்பி வர வழி பிறந்திருக்கிறது. அங்கேயும் வாடகைத் தாய் உண்டு, வலி உண்டு, ஆனால் கணக்கு வேறு. எலிசபெத் ஆனைப் பார்த்து "வில்லா இப்படிச் செய்யமாட்டாளே" என்று யாரும் பெருமூச்சு விடவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன், துடைப்பக் கதை உட்பட. பொறுமையாகக் கேட்டார். "சரிங்க, குளோன் வேண்டாம். செல்லை மட்டும் எடுத்து வைக்கட்டுமா?" என்றார். நாய் உயிரோடு இருக்கும்போதே தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்து, வளர்த்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் போட்டுவைப்பார்கள். முடிவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். நான் அதற்கும் வேண்டாம் என்றேன். எடுத்து வைத்துவிட்டால் அவருடைய துக்கத்துக்கு ஒரு திறந்த கதவு இருந்துகொண்டே இருக்கும், வருடா வருடம் வாடகை கட்டும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். தள்ளாடுகிற நாயை மயக்கி ஊசி குத்துவதும் அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. அவர் முகம் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

முடிவு அவருடையது, அதில் நான் மேற்கொண்டு தலையிடப் போவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்: ஒரு குட்டிக்கு எத்தனை நாய்களுக்கு அறுவை செய்கிறீர்கள், கேட்டதைவிட அதிகமாகப் பிறக்கும் குட்டிகளை என்ன செய்கிறீர்கள், வேலை முடிந்த தாய் நாய்கள் எங்கே போகின்றன. எழுதி வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அவரே நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: "குட்டியை விடுங்க, அந்த வாடகைத் தாய் நாயை நாம எடுத்துக்க முடியுமான்னு கேட்கலாம்ல?" கேளுங்கள் என்றேன். மின்னஞ்சல் போயிருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.